முகவரி மாறினாலும் கடிதம் சேர வேண்டும்



ஊரை விட்டு நகராமலே முகவரி மாறிப்போன குடும்பங்கள் நம் பக்கத்தில் அநேகம். 1911 ஏப்ரல் முதல் தேதி சித்தூர் மாவட்டம் உருவானபோது, அதுவரை வட ஆற்காடு என்று எழுதி வந்தவர்கள் சித்தூர் என்று எழுதத் தொடங்கினார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த ஊர்க்காரர் மறுபடியும் மாற்றி எழுதினார். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. இன்றும் திருப்பதியில் குடியிருக்கும் நம்மவர் வீட்டுக்கு "சித்தூர் மாவட்டம்" என்று போட்டே திருமண அழைப்பிதழ் வருகிறது, வந்தும் சேர்கிறது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் 517501 என்ற பின்கோடு மாறவில்லை. தபால் ஊழியரும் பழைய பெயரைப் பார்த்துப் புதிய இடத்தைப் புரிந்துகொள்கிறார்.

இணையத்தில் அந்தத் தபால் ஊழியரின் வேலையைச் செய்வது சில வரி விதிகள்தாம். முகவரியை மாற்றி எழுதுகிற விதி என்பதால் ரீரைட் ரூல் என்று அதற்குப் பெயர். சென்ற ஆண்டு நம் சங்கத்தின் இணையப் பக்கங்களைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது இந்த விதிகள் குழம்பி, பழைய இதழ்கள் பலவும் காணாமற்போயின. ஐதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறுப்பினர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். துபாயில் இருக்கும் ஒரு பெண், காலமான தன் தந்தை நம் மலரில் எழுதிய கட்டுரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட முயன்று, "இப்பக்கம் இல்லை" என்ற 404 அறிவிப்பைப் பார்த்து மனம் வருந்தி எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையின் அச்சுப் பிரதி அவர் வீட்டில் இல்லை.

மாற்றித் தந்த நிறுவனத்தைக் கேட்டோம். பெயர் வேண்டாம். அவர்கள் சார்பில் பேசியவர் சொன்ன பதில் இது: "தமிழில் தலைப்பு வைத்தவைதான் சார் திறக்கவில்லை. எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்." செயற்குழுவில் இரண்டு பேர் சரி என்றே தலையாட்டினார்கள். நம் தமிழ் வகுப்பை நடத்தும் டீச்சர் அம்மா மட்டும், "பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தெலுங்கும் இங்கிலீஷும்தான் படிக்குதுங்க. இங்கேயாவது தமிழ்ல தேடினா தமிழ்ல கிடைக்கணும்னுதானே சார் அப்படிப் பேர் வெச்சோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. "சார் சிக்னல்காரர்தானே, அவரே பார்க்கட்டும்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். உறுப்பினர் ஒருவரின் மகன், பொறியியல் கல்லூரி மாணவன், துணைக்கு வந்தான்.

கவுன்ட்டருக்குப் பின்னால்

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரயில் பயணம் செய்தவர்களுக்கு இது புரியாமற்போக வழியில்லை. நம் ரயில்வேயின் முன்பதிவுக் கணினி மையங்கள் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என்று ஐந்து. ஆரம்பத்தில் அவை தனித்தனியாக இயங்கின. கிரிஸ் என்ற ரயில்வேயின் கணினி அமைப்பு கன்சர்ட் என்னும் மென்பொருளை எழுதி, 1999 ஏப்ரலில் ஐந்தையும் ஒன்றாக இணைத்தது. அதன்பின் திருப்பதி கவுன்ட்டரில் நிற்பவர் ஹவுராவிலிருந்து டில்லிக்கும் டிக்கெட் வாங்கலாம். அந்த வண்டியின் கணக்கு எந்த மையத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்தது கவுன்ட்டர் ஒன்றுதான்.

ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பதும் இப்படி ஒரு கவுன்ட்டரே. உலகம் பார்ப்பது அதன் முகவரியை. உள்ளே உண்மையில் பக்கங்களைத் தயாரித்துத் தருவது வேறொரு சர்வர். நம் சங்கத்துக்கு வெளியே கவுன்ட்டராக அப்பாச்சியும், உள்ளே வேலைக்காரராக டாம்கேட்டும் இருக்கின்றன. கேட்டு வரும் முகவரியை அப்பாச்சி, டாம்கேட்டுக்குப் புரியும்படி மாற்றி எழுதி அனுப்ப வேண்டும். பதில் திரும்பி வரும்போது அதிலுள்ள உள் முகவரியை மறுபடி வெளி முகவரியாக மாற்றித் தர வேண்டும். அதாவது மாற்றம் இரண்டு திசையிலும் நடக்க வேண்டும். போகும் திசையை மட்டும் எழுதிவிட்டு வரும் திசையை மறந்துபோவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் காணும் குறை.

முதலில் எங்கே என்று பார்

சிக்னல் விழவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதும் வழியிலுள்ள லொக்கேஷன் பாக்ஸ் அத்தனையையும் திறந்து கம்பியைப் பிடுங்குபவனை எந்த சிக்னல் இன்ஸ்பெக்டரும் வைத்துக்கொள்ள மாட்டார். ட்ராக் சர்க்யூட் என்றால் ஃபீட் முனையில் வோல்டேஜ் உண்டா, ரிலே முனையில் உண்டா என்று முதலில் பார்ப்போம். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் பழுது இடையில். இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஆனால் நம் பக்கங்களைப் பொறுத்தவரை அதுவரை யாரும் அதைச் செய்யவில்லை.

தம்பியிடம் சொல்லி, முதலில் அந்தக் கணினிக்குள்ளேயே உட்கார்ந்து டாம்கேட்டை நேரடியாகக் கேட்க வைத்தேன். இடையில் அப்பாச்சி இல்லாமல், கர்ல் என்ற சிறு கருவி மூலம் கேட்டோம். ஆங்கிலத் தலைப்புப் பக்கம் வந்தது. தமிழ்த் தலைப்பு வரவில்லை, அதற்குக் காரணம் வேறு, பின்னால் சொல்கிறேன். அடுத்து அப்பாச்சி வழியாக, கடைசியாக வெளியிலிருந்து என் கைபேசி வழியாகக் கேட்டோம். மூன்று இடத்திலும் கிடைத்த பதிலை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதியபோதே ஒரு பழுது அல்ல, நான்கைந்து பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டது. ஒன்றைத் திருத்தினால் அடுத்தது தலைகாட்டும். முன்பு பார்த்தவர்கள் "இதைத் திருத்தியும் சரியாகவில்லை" என்று திருத்தியதையும் பழையபடி ஆக்கியிருக்கக் கூடும்.

அப்பாச்சியில் ஒவ்வொரு விதியும் எந்த முகவரியை எப்படி மாற்றியது என்று வரிவரியாக எழுதி வைக்கும் வசதி உண்டு. ட்ரேஸ் என்று 1 முதல் 8 வரை அளவுகள். 3 வைத்தால் நமக்குப் போதும். வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் நிறைந்துவிடும்.

எளிய பழுதுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் உறுப்பினரின் கைபேசி, டாம்கேட்டின் உள் முகவரியான 8080 எண் வாசலைத் தேடிப் போயிற்று. "இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது, அங்கே போ" என்று டாம்கேட் தன் உள் முகவரியைச் சொல்ல, கவுன்ட்டர் அதைத் திருத்தாமல் அப்படியே வெளியே விட்டிருந்தது. ப்ராக்ஸி பாஸ் ரிவர்ஸ் என்ற ஒரு வரி சேர்த்ததும் அது தீர்ந்தது. உள்ளே நுழைந்தவர்களை மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்டதற்குக் காரணம் குக்கி. உள் முகவரியின் பாதைக்கென்று கொடுத்த அடையாளச் சீட்டை, வெளி முகவரியில் நிற்கும் உறுப்பினரின் கணினி திருப்பிக் காட்டவில்லை. அதற்கும் பாதையை மாற்றித் தரும் ஒரு வரி உண்டு. ஆனால் பக்கத்தின் உடலுக்குள் எழுதப்பட்ட இணைப்புகளை இந்த வரிகள் தொடுவதில்லை. அதற்கு நல்ல வைத்தியம், வெளியிலும் உள்ளேயும் பாதைக்கு ஒரே பெயர் வைத்துவிடுவதுதான். மாற்றி எழுதத் தேவையில்லாத முகவரியில் தவறு வராது.

சப்தகிரிக்கு இரண்டு ஒன்று

2010 டிசம்பர் 20ஆம் தேதி ரயில்வேயில் நான்கு இலக்க வண்டி எண்கள் ஐந்து இலக்கமாயின. எங்கள் வழியில் ஓடிய சப்தகிரி எக்ஸ்பிரஸ் 6057லிருந்து 16057 ஆயிற்று. முன்னால் ஒரு 1 சேர், எளிய விதி. இதையே ஒரு கணினியிடம் "வரும் எண்ணுக்கு முன்னால் 1 சேர்" என்று மட்டும் சொல்லி, அதன் விடையை மறுபடி அதனிடமே கொடுத்தால் 116057 வரும், பிறகு 1116057 வரும். நான்கு இலக்கமாக இருந்தால் மட்டும் சேர் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நம் பழைய இதழ்களுக்கு நேர்ந்ததும் இதுவே. பழைய முகவரிக்கு முன்னால் "இதழ்கள்" என்று பொருள்படும் ஒரு பாதையைச் சேர்க்கும் விதி எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே சேர்த்ததா என்று பார்க்கச் சொல்லவில்லை. சேர்த்த முகவரி மீண்டும் வாசலுக்கு வர, மீண்டும் சேர்த்து, உறுப்பினரின் கணினி "அளவுக்கு மீறித் திருப்பி அனுப்பப்படுகிறது" என்று சொல்லி நின்றுவிட்டது. ஒரு நிபந்தனை வரியில் அந்த வட்டம் அறுந்தது.

அறுந்த பிறகும் பெங்களூர் உறுப்பினர் ஒருவருக்கு மட்டும் பழைய பிழையே வந்தது. தம்பி குழம்பிப்போய், "சரி பண்ணியாச்சே மாமா, இவருக்கு மட்டும் ஏன் அப்படியே வருது?" என்றான். 301 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பினால் "நிரந்தரமாக மாறிவிட்டது" என்று பொருள்; அதைப் பெற்ற கணினி நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை நம்மைக் கேட்காமலே பழைய திசையில் போய்விடும். 302 என்றால் தற்காலிகம். ரயில் பாதையில் வேலை நடக்கும் இடத்தில் தற்காலிக வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைப்போம். வேலை முடியும் முன்பே நிரந்தர அட்டவணையில் ஏற்ற மாட்டோம். சோதித்து முடியும் வரை 302, பிறகே 301. பெங்களூர்க்காரர் தம் கணினியின் நினைவைத் துடைத்ததும் இதழ் திறந்தது.

தமிழுக்கு மட்டும் ஏன்?

இனி டீச்சர் அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஒரு விதியில், தலைப்பாக வரக்கூடியவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சிறு கோடும் மட்டுமே என்று எழுதியிருந்தது. தமிழ்த் தலைப்பு அந்த விதியில் பொருந்தாமல் கீழே விழுந்து 404 ஆயிற்று. இவ்வளவுதான். தமிழில் எந்தக் குறையும் இல்லை. வாசலில் நின்றவருக்குத் தமிழர்கள் வருவார்கள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

தம்பி உடனே, "எது வந்தாலும் விடற மாதிரி ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் போட்டா போதுமே மாமா" என்றான். பலரும் செய்வது அதுதான், நான் ஒப்பவில்லை. 2011 அக்டோபரில் அப்பாச்சி குழுவினரே இதைப்பற்றி எச்சரித்திருக்கிறார்கள். எதையும் அனுமதிக்கும் விதியில், முகவரி சாய்கோட்டோடு தொடங்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், வெளியாள் ஒருவர் தந்திரமாக எழுதிய முகவரியால் கவுன்ட்டரை ஏமாற்றி, உள்ளேயிருக்கும் வேறு கணினியிடம் போகச் செய்யலாம். 2023 மார்ச்சில் வந்த 2.4.56 பதிப்பும், இதுபோல் விரிந்து கிடக்கும் விதிகளால் வந்த இன்னொரு ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று. உறுப்பினர் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதே கணினியில் இருக்கும்போது வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்க முடியாது.

ஆகவே தமிழை முறையாகவே அனுமதித்தோம். யூனிகோடில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் அனுப்பப்படும்போது மூன்று பைட் ஆகும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191க்குள். இந்த மூன்றையும் விதியில் சொல்லிவிட்டால் தமிழ் வரும், வேறு குப்பை வராது.

அது முடிந்ததும் அடுத்தது தலைகாட்டியது. இணைய முகவரிக்குள் தமிழ் பைட்டுகள் அப்படியே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறுகிறது. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், 15 பைட், முகவரியில் 45 இடம். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பி அனுப்பும் விதி, ஏற்கெனவே இப்படி மாற்றியதை மறுபடி மாற்றிவிட்டது. சதவீதக் குறி ஒவ்வொன்றும் %25 ஆகிவிட, 45 இடம் 75 இடமாயிற்று. முகவரியில் %25 என்று வரிசையாகக் கண்டால், இரண்டு முறை உறை போட்ட கடிதம் என்று அறிக. மறுபடி மாற்றாதே என்று சொல்லும் ஒரு கொடியை அப்பாச்சி விதியின் கடைசியில் சேர்த்தால் போதும்.

டாம்கேட்டை நேரில் கேட்டபோதும் தமிழ் வரவில்லை என்றேனே, அதற்குக் காரணம் அது பழைய ஏழாம் பதிப்பு. அந்தப் பதிப்பு நாமாகச் சொல்லாவிட்டால் முகவரியை மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் படித்துக் குழப்பும். 2014இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் தானாகவே யுடிஎஃப்-8 முறையில் படிக்கிறது. புதிய பதிப்புக்கு மாற்றினோம். எப்படியும் மாற்றியிருக்க வேண்டியதுதான், 2021 மார்ச்சோடு ஏழாம் பதிப்புக்குப் பராமரிப்பு நின்றுவிட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் இரண்டு பொங்கல் மலர்கள் திறக்கவில்லை. திரையில் பார்த்தால் "பொங்கல்" இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடே இரண்டும் சமம் என்று விதித்திருப்பதால், உள்ளே நிரலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரி போட்டுவிட்டோம்.

இங்கிலீஷில் மாற்றச் சொன்னவருக்கு என் பதில் ஒன்றுதான். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் பெயர்ப்பலகை எத்தனை முறை மாறியது! ரயில்வேக்குள் அதன் குறியீடு மதராஸ் காலத்து எம்.ஏ.எஸ். என்றே இருக்கிறது. ஆகவே பலகையில் பெயர் மாறியதால் எந்த வண்டியும் வழி தவறவில்லை. நம் ஒவ்வொரு இதழுக்கும் உள்ளே மாறாத ஓர் எண் கொடுத்துவிட்டோம். வெளியே பலகை தமிழிலேயே இருக்கிறது. துபாய்ப் பெண்ணின் தந்தை எழுதிய கட்டுரை, அவர் தமிழில் வைத்த தலைப்போடு இப்போது திறக்கிறது. அவருடைய பேரன் எழுத்துக்கூட்டி அதைப் படித்த ஒலிப்பதிவை அந்தப் பெண் டீச்சர் அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்.

மீதம் இருப்பது ஸ்ரீ. திருப்பதிக்கு அருகில் இருந்துகொண்டு இந்த எழுத்தைத் தவிர்க்க முடியுமா? பழைய முறையில் இதை ஸகரத்தில் தொடங்கி எழுதினார்கள். 2005இல் யூனிகோடில் ஶகரம் தனி எழுத்தாகச் சேர்ந்த பின் அதில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஆனால் ஒகரக் குறியைப் போல இவை சமம் என்று யூனிகோடில் விதியில்லை. நாமேதான் ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்து இரண்டு முகவரியும் ஒரே பக்கத்துக்கு வரும்படி எழுத வேண்டும். டீச்சர் அம்மாவும் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் ஞாயிறுதோறும் பட்டியலைச் சரிபார்த்து வருகிறார்கள். இப்போது ஆண்டு விழா மலர்களில் இருக்கிறார்கள்.

உறுப்பினர்கள் ஏதேனும் பக்கம் திறக்காவிட்டால் "வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், முகவரியை முழுதாக நகலெடுத்து, முயன்ற நேரத்தையும் குறித்து, திரையின் படத்தோடு சங்கத்துக்கு அனுப்பினால் தம்பிக்குத் தேடுவது எளிது. முகவரியைக் கையால் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டாம். உங்கள் ஸ்ரீயும் எங்கள் ஸ்ரீயும் வேறாக இருக்கலாம்.